ரியல்-டைம் கன்ட்ரோல் லேப்: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெரும்பாலான பொறியியல் கல்லூரிகளில் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் லேப் தனி, எம்பெடட் லேப் தனி. அங்கே டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனும் போட் ப்ளாட்டும், இங்கே எல்.இ.டி., எல்.சி.டி., சீரியல் போர்ட். தாளில் சரியாக வந்த பி.ஐ. கன்ட்ரோலர் (பிழையையும் அதன் கூட்டுத்தொகையையும் வைத்து மோட்டாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று கணக்கிடுவது), போர்டில் ஏற்றியதும் ஏன் மோட்டாரை உதற வைக்கிறது என்ற கேள்வி இரண்டு லேப்பிலும் எழுவதே இல்லை. ரியல்-டைம் கன்ட்ரோல் லேப் அந்தக் கேள்விக்காகவே நடத்தப்படுவது.

ரியல்-டைம் என்றால் வேகம் என்று நினைத்துக்கொண்டுதான் பாதி மாணவர்கள் உள்ளே வருவார்கள். ஐந்து மணி பஸ் ஐந்தரைக்கு வந்தால், அது வழியில் எத்தனை வேகமாக ஓடியது என்று யாரும் கேட்பதில்லை. 5 மில்லி செகண்டுக்கு ஒருமுறை என்று கணக்குப் போட்ட லூப் ஒவ்வொரு முறையும் அந்த நேரத்துக்கே வர வேண்டும். ஒருமுறை 5, மறுமுறை 9 என்று வந்தால் நீங்கள் டியூன் செய்த கன்ட்ரோலர் வேறு, ஓடுகிற கன்ட்ரோலர் வேறு. அதனால் இந்த லேப்பின் முதல் கருவி ஆசிலோஸ்கோப். மோட்டார் அதற்குப் பிறகுதான். நேரத்தைக் கண்ணால் பார்த்துப் பழகாதவரிடம் பி.ஐ.டி.யைக் (பி.ஐ.யோடு பிழை மாறும் வேகத்தையும் சேர்த்தது) கொடுத்தால், மூன்று எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதிலேயே மூன்று மணி நேரம் போய்விடும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் சோதனை, என்கோடர் (தண்டு சுற்றுவதைப் பல்ஸ்களாகத் தரும் சென்சார்) உள்ள டி.சி. மோட்டாரின் வேகக் கட்டுப்பாடு. தலைகீழ் ஊசல் பார்க்க அழகாக இருக்கும். 1992-இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் காட்சுஹிசா ஃபுருட்டா குழுவினர் உருவாக்கிய சுழல் ஊசல் இன்று உலகம் முழுக்கக் கன்ட்ரோல் லேப்களில் நிற்கிறது. ஆனால் தொடக்கத்திலேயே அதை வைத்தால், விழுந்ததற்குக் காரணம் கணக்கா, வயரா, நேரமா என்று மாணவரால் பிரித்துப் பார்க்க முடியாது. மோட்டார் பொறுமையான சாதனம். தப்பு செய்தாலும் ஓடிக்கொண்டே தப்பைக் காட்டும்.

ஒரு மேசைக்கு என்ன வேண்டும்

மூன்று பேருக்கு ஒரு செட். 30 பேர் உள்ள பாட்ச்சுக்கு 10 செட், கூடவே ஸ்பேர் இரண்டு.

போர்டு: நியூக்ளியோ எஃப்446ஆர்இ. கார்ட்டெக்ஸ் எம்4, 180 மெகாஹெர்ட்ஸ், டீபக்கர் போர்டிலேயே இருக்கிறது. முக்கியமாக, என்கோடரை ஹார்டுவேரிலேயே எண்ணும் டைமர் உண்டு. அதில்லாத போர்டில் ஒவ்வொரு என்கோடர் பல்ஸுக்கும் ஒரு இன்ட்டரப்ட் (ஓடும் நிரலை நிறுத்தி வேறு வேலைக்கு இழுக்கும் குறுக்கீடு) எழும். மோட்டார் வேகம் கூடக் கூட சி.பி.யு. மூச்சுத் திணறும். இந்தப் போர்டுக்கு மினி-பி யூ.எஸ்.பி. கேபிள் வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளைக் கடைக்காரர் கொடுத்துவிட்டால் எல்.இ.டி. எரியும், லேப்டாப்பில் போர்டு தெரியாது. வாங்கும்போதே ஒரு போர்டைக் கையோடு கொண்டுபோய்ச் செருகிப் பார்த்து வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது.

மோட்டார்: 12 வோல்ட் கியர் மோட்டார், பின்புறம் ஹால் என்கோடர் உள்ளது. ஸ்டால் கரண்ட் 2 ஆம்பியருக்குக் கீழே இருக்கட்டும். இந்தக் கட்டுரையின் கணக்குகள் எல்லாம் மோட்டார் தண்டு ஒரு சுற்றுக்கு 11 பல்ஸ், கியர் 1:30 என்று வைத்துப் போட்டவை. இரண்டு சேனலின் ஏற்ற இறக்கம் நான்கையும் எண்ணினால் வெளித்தண்டின் ஒரு சுற்றுக்கு 11 × 4 × 30 = 1320 கவுன்ட்.

டிரைவர்: டிபி6612எஃப்என்ஜி. எல்லா லேப் அலமாரியிலும் எல்298என் கிடக்கும், எடுக்காதீர்கள். அது பைபோலார் டிரான்சிஸ்டர் சிப். 1 ஆம்பியரில் ஏறக்குறைய 2 வோல்ட்டை, சமயத்தில் அதற்கு மேலும், தானே விழுங்கும். கரண்டுக்கு ஏற்ப அந்த இழப்பும் மாறுவதால், குறைந்த டியூட்டியில் (மோட்டாருக்குச் சப்ளை ஆனில் இருக்கும் நேரத்தின் சதவீதம்) மோட்டார் அசையாமல் நின்று, திடீரென்று கிளம்பும். மாணவர் அதைக் கன்ட்ரோலரின் குறை என்று நினைத்து கெயினைக் கூட்டுவார். மாஸ்ஃபெட் டிரைவரில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

பவர்: கரண்ட் லிமிட் உள்ள லேப் சப்ளை, 12 வோல்ட், லிமிட் 1.5 ஆம்பியர். மோட்டார் சப்ளை வயரில் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு காளான் தலை எமர்ஜென்சி ஸ்விட்ச். அது மோட்டார் சப்ளையை மட்டுமே வெட்ட வேண்டும். போர்டின் சப்ளையையும் சேர்த்து வெட்டினால், என்ன நடந்தது என்று பார்க்கப் பதிவான தகவலும் போய்விடும்.

அளவிட: இரண்டு சேனல் ஸ்கோப். எல்லா மேசைக்கும் ஸ்கோப் இல்லையென்றால் 24 மெகாஹெர்ட்ஸ், 8 சேனல் யூ.எஸ்.பி. லாஜிக் அனலைசரும் பல்ஸ்வியூ மென்பொருளும் இந்த லேப்பின் முக்கால்வாசி வேலைக்குப் போதும். டிஜிட்டல் பின் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்பதுதான் நமக்கு வேண்டியது.

வயரிங், ஒருமுறை சரியாக

என்கோடரின் இரண்டு சேனல்களும் போர்டில் ஏ0, ஏ1 என்று அச்சிட்ட பின்களுக்கு. டைமர் 2-ஐ என்கோடர் மோடில் வையுங்கள். அது 32 பிட் டைமர், ஒரு லேப் வகுப்பு நேரத்தில் நிரம்பி வழியாது. என்கோடருக்கு 3.3 வோல்ட்டே கொடுங்கள். பி.டபிள்யூ.எம். (ஆன்-ஆஃப் பல்ஸின் அகலத்தால் மோட்டாருக்குப் போவதைக் கூட்டிக் குறைப்பது) டி7-இலிருந்து, டைமர் 1-இன் முதல் சேனல். திசைக்கு டி4, டி6. நேரம் பார்ப்பதற்கென்றே டி8, டி9 இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள். அவற்றில் வேறு எதையும் இணைக்க விடாதீர்கள்.

பி.டபிள்யூ.எம். அதிர்வெண் 20 கிலோஹெர்ட்ஸ். அதற்குக் கீழே போனால் மோட்டாரின் கீச்சொலி காதைத் துளைக்கும். பத்து மேசையும் சேர்ந்து கத்தினால் வகுப்பெடுக்க முடியாது. டைமர் க்ளாக் 180 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஆட்டோ ரீலோட் மதிப்பு (டைமர் எண்ணித் திரும்பும் எல்லை) 8999. போர்டை அமைக்கும் க்யூப் மென்பொருளில் க்ளாக்கை 180-க்கு ஏற்றாமலே விட்டுவிட்டு இந்த எண்ணை மட்டும் போடும் தவறு ஒவ்வொரு பாட்ச்சிலும் நடக்கும். ஸ்கோப்பில் ஒருமுறை பார்த்தால் தெரிந்துவிடும்.

டிரைவருக்குப் பக்கத்திலேயே 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர். மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 100 நானோஃபாரட் செராமிக். டிரைவரின் ஸ்டாண்ட்பை பின்னை 10 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டுக்கு இழுத்து, போர்டிலிருந்து ஒரு பின் வழியாக உயர்த்துங்கள். ரீசெட் ஆகும் நேரத்தில் மோட்டார் தானே ஓடாது. ஸ்டாண்ட்பையை இணைக்க மறந்தால் மோட்டார் ஓடவே ஓடாது. "சார், டிரைவர் போச்சு" என்று வரும் புகார்களில் பாதி இதுதான். மீதிப் பாதி, போர்டின் கிரவுண்டும் மோட்டார் சப்ளையின் கிரவுண்டும் இணையாதது.

ஸ்கோப் ப்ரோபின் கிரவுண்ட் கிளிப்பை மோட்டார் வயரில் மாட்டவே கூடாது. இதை மேசையில் எழுதி ஒட்டுங்கள். எச்-பிரிட்ஜின் (டிரைவருக்குள் மோட்டாரை இரு திசையிலும் ஓட்டும் சர்க்யூட்) இரண்டு வெளியீடுகளில் எதுவும் கிரவுண்ட் இல்லை. கிளிப்போ ஸ்கோப் வழியாக எர்த்துக்குப் போகிறது, யூ.எஸ்.பி. வழியாக லேப்டாப் சார்ஜரின் எர்த்தும் சேர்ந்துகொண்டால் டிரைவரின் ஒரு பக்கம் நேராக ஷார்ட். மோட்டார் வோல்ட்டேஜைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு ப்ரோப், இரண்டு கிளிப்பும் கிரவுண்டில், ஸ்கோப்பின் மேத் மெனுவில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள்.

ஐ.டி. கார்டு நாடாவைச் சட்டைக்குள் போடச் சொல்லுங்கள். துப்பட்டாவுக்கும் இதே விதி. கியர் மோட்டார் சின்னதாக இருந்தாலும் வெளித்தண்டின் கப்பியில் சுற்றிக்கொண்டால் இழுக்கும்.

முதல் வகுப்பு: மோட்டாருக்குச் சப்ளை இல்லாமல்

மோட்டார் சப்ளையை அணைத்தே வையுங்கள். வழக்கமான ஒற்றை லூப் நிரல்: என்கோடரைப் படி, வேகம் கணக்கிடு, பி.டபிள்யூ.எம்.-ஐ எழுது, சீரியல் போர்ட்டில் ஒரு வரி அனுப்பு, 5 மில்லி செகண்ட் டிலே. லூப்பின் தொடக்கத்தில் டி8 பின்னை உயர்த்தி, டிலேக்கு முன் இறக்கச் சொல்லுங்கள். "லூப் எத்தனை மில்லி செகண்டுக்கு ஒருமுறை ஓடும்?" என்று கேட்டால் எல்லோரும் 5 என்பார்கள். ஸ்கோப் 9 காட்டும்.

இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுவது நல்லது. 115200 பாட் வேகத்தில் ஒரு எழுத்துக்கு 10 பிட், அதாவது 87 மைக்ரோ செகண்ட். 40 எழுத்து வரி என்றால் 3.5 மில்லி செகண்ட், அது முடியும்வரை சி.பி.யு. அங்கேயே நிற்கிறது. கூடவே எச்.ஏ.எல். (போர்டின் ஹார்டுவேரை இயக்க உற்பத்தியாளர் தரும்) நூலகத்தின் டிலே, கேட்டதற்குக் குறையக் கூடாது என்று ஒரு டிக் (1 மில்லி செகண்ட்) கூட்டியே காத்திருக்கும். டிக் எல்லைகளையே எண்ணுவதால், அழைக்கும்போது பாதியில் இருக்கும் டிக்கும் அதில் சேர்ந்துவிடும். இரண்டும் சேர்ந்துதான் 9. இப்போது என்கோடர் தண்டைக் கையால் வேகமாகச் சுற்றச் சொல்லுங்கள். வேகம் 99-இலிருந்து 100 ஆகும்போது வரியில் ஒரு எழுத்து கூடுகிறது. வரியின் நீளம் சரியாக டிக் எல்லையில் நின்றால், அந்த ஒரு எழுத்தே லூப்பை முழுதாக 1 மில்லி செகண்ட் தள்ளிவிடும். அச்சிடும் எண்ணின் இலக்கங்கள் சாம்பிளிங் நேரத்தை (இரண்டு அளவீடுகளுக்கு இடைப்பட்ட நேரத்தை) மாற்றுகின்றன என்பதைத் திரையில் பார்த்த மாணவர், லூப்புக்குள் பிரின்ட் போடும் பழக்கத்தை அன்றே விட்டுவிடுவார்.

அடுத்து அதே வேலையை டைமர் இன்ட்டரப்ட்டுக்கு மாற்றுங்கள். பிரின்ட் வெளியே, கணக்கு இன்ட்டரப்ட்டுக்குள். ஸ்கோப்பை பெர்சிஸ்டென்ஸ் மோடில் (பழைய கோடுகள் திரையில் அழியாமல் நிற்கும்) வைத்து ஒரு ஏற்றத்தில் டிரிகர் செய்து, அடுத்த ஏற்றம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஒற்றை லூப்பில் அங்கே ஒரு பட்டை தெரிந்தது. இப்போது ஒரு கோடு. அந்தப் பட்டையின் அகலம்தான் ஜிட்டர். பாடப்புத்தக வரையறையை இதற்குப் பிறகு சொன்னால் போதும்.

மோட்டாரை ஓட்டும் முன் இரண்டு சோதனை

முதலாவது, திசை. கன்ட்ரோலர் இல்லாமல் 20 சதவீத டியூட்டி கொடுங்கள். கவுன்ட் ஏற வேண்டும். இறங்கினால் மோட்டார் வயர்களை மாற்றுங்கள், அல்லது நிரலில் குறியை மாற்றுங்கள், இரண்டையும் செய்யாதீர்கள். இதைத் தாண்டி லூப்பை மூடினால் பாசிட்டிவ் ஃபீட்பேக்: மோட்டார் நேராக முழு வேகத்துக்குப் பாயும்.

இரண்டாவது, பிரேக்பாயின்ட். நிரல் பிரேக்பாயின்ட்டில் நின்றாலும் பி.டபிள்யூ.எம். டைமர் தன் போக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். மோட்டாரும் கடைசி டியூட்டியில் ஓடிக்கொண்டே இருக்கும். மோட்டார் சப்ளை ஆனில் இருக்கும்போது பிரேக்பாயின்ட் கிடையாது என்பது லேப் விதி. மாறிகளைப் பார்க்க வேண்டுமானால் ஒரு அரேயில் சேமித்து, மோட்டார் நின்ற பிறகு வெளியே எடுங்கள்.

வேகத்தை அளப்பதில் உள்ள பொறி

சாம்பிளிங் வேகமாக இருந்தால் நல்லது என்று மாணவர் 1 மில்லி செகண்ட் வைப்பார். வெளித்தண்டு 200 ஆர்.பி.எம். என்றால் செகண்டுக்கு 4400 கவுன்ட். 1 மில்லி செகண்டில் நாலரைக்கும் குறைவு. அதாவது அளவீடு 4 அல்லது 5 என்றே வரும். ஒரு கவுன்ட்டின் மதிப்பு 45 ஆர்.பி.எம். மோட்டார் சீராகத்தான் ஓடும், ஆனால் திரையில் வேகம் 180-க்கும் 225-க்கும் நடுவே குதிக்கும். டி பகுதியைச் சேர்த்தால் அந்தக் குதிப்பு பெருகி மோட்டார் கரகரவென்று உறுமும்.

5 மில்லி செகண்டில் 22 கவுன்ட், ஒரு கவுன்ட் 9 ஆர்.பி.எம். 10 மில்லி செகண்டில் 44 கவுன்ட், ஒரு கவுன்ட் நாலரை. அப்படியானால் 10 வைக்கலாமே என்றால், அதற்கான விலை அடுத்த பகுதியில் வருகிறது. இந்த இழுபறிதான் பாடம். நீங்களே விடையைச் சொல்லிவிடாமல் மூன்று நேரங்களிலும் ஓடவிட்டு வரைபடம் எடுக்கச் சொல்லுங்கள்.

டைமர் 2-க்குப் பதிலாக 16 பிட் டைமர் எதையாவது எடுத்தால் இன்னொரு பொறி. கவுன்ட் 65535-ஐத் தாண்டி 0-க்கு வரும் நொடியில் வேகம் மைனஸ் பல ஆயிரமாகப் பாயும். பழைய கவுன்ட்டைப் புதியதிலிருந்து கழித்து, விடையைக் குறியுள்ள 16 பிட் எண்ணாக எடுத்தால் கணக்கு தானாகச் சரியாகும். கழிப்பதற்கு முன்பே ஃப்ளோட்டாக மாற்றிவிட்டால் ஆகாது.

மாடலும் பி.ஐ.யும்

டியூட்டியை 30-இலிருந்து 50 சதவீதத்துக்கு ஒரே அடியாக ஏற்றி, வேகத்தைப் பதிவு செய்யுங்கள். பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் நிலை உராய்வு கலந்துவிடும். வேக மாற்றத்தில் 63 சதவீதத்தை எட்டும் நேரம்தான் டைம் கான்ஸ்டன்ட். சிறு கியர் மோட்டார்களில் அது சில பத்து மில்லி செகண்ட். வேக மாற்றத்தை டியூட்டி மாற்றத்தால் வகுத்தால் மோட்டாரின் கெயின். இன்டெக்ரல் நேரத்தை டைம் கான்ஸ்டன்ட்டுக்குச் சமமாக வைத்து, மூடிய லூப்பும் அதே டைம் கான்ஸ்டன்ட்டில் நடக்கட்டும் என்று தொடங்குங்கள்; அப்போது கே.பி. (கன்ட்ரோலர் பிழையைப் பெருக்கும் எண்) என்பது மோட்டார் கெயினின் தலைகீழ்தான். பிறகு படிப்படியாக வேகப்படுத்தலாம். 1942-இன் சீக்லர்–நிக்கல்ஸ் முறையைச் சிலபஸ் கேட்டால் சொல்லிக் கொடுங்கள். ஆனால் கியர் மோட்டாரை ஆட்டத்தின் விளிம்புவரை ஓட்டினால் பற்களின் இடைவெளி தடதடவென்று அடித்துக்கொள்ளும். கிடைக்கும் எண்கள் கியரின் தேய்மானத்தைத்தான் சொல்லும்.

சாம்பிளிங் நேரத்தை மாற்றினால் இன்டெக்ரல் பகுதியில் அந்த நேரத்தால் பெருக்குகிற எண்ணும் மாற வேண்டும். அதை நிரலில் ஒரே இடத்தில், ஒரே மாறியாக வைக்கச் சொல்லுங்கள். 0.005 என்று நாலு இடத்தில் எழுதி மூன்றை மட்டும் மாற்றுவது வழக்கமான பிழை.

விண்டப் (வெளியீடு எல்லையில் நிற்கும்போதும் இன்டெக்ரல் கூடிக்கொண்டே போவது) காட்டக் கப்பிமேல் ஒரு துணிப் பட்டையை இறுக்கி மோட்டாரை மூன்று செகண்ட் நிறுத்துங்கள்; இதுதான் பிரேக் சோதனை. விரலால் பிடிக்க வேண்டாம். பட்டையை விட்டதும் மோட்டார் இலக்கைத் தாண்டிப் பாய்ந்து, வெகுநேரம் கழித்தே திரும்பும். வெளியீடு எல்லையில் நிற்கும்போது, பிழை அதை இன்னும் அதே பக்கம் தள்ளினால் இன்டெக்ரலை நிறுத்தி வை என்ற ஒற்றை நிபந்தனையைச் சேர்த்து மறுபடி செய்யச் சொல்லுங்கள். இரண்டு வரைபடங்களும் ரெக்கார்டில் ஒரே பக்கத்தில் ஒட்டப்பட வேண்டும்.

தாமதத்தைக் கையால் செலுத்துங்கள்

இந்த லேப்பில் ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கன்ட்ரோல் கணக்கு முடிந்ததும் பி.டபிள்யூ.எம்.-ஐ உடனே எழுதாமல், அடுத்த சாம்பிள் தொடங்கும்போது எழுதும்படி நிரலை மாற்றுங்கள். இப்போது மொத்தத் தாமதம் ஒன்றரை சாம்பிள்: கணக்குக்கு ஒன்று, வெளியீடு அடுத்த சாம்பிள்வரை மாறாமல் நிற்பதற்கு அரை.

லூப்பின் கிராஸ்ஓவர் (லூப்பின் கெயின் 1-க்கு இறங்கும் அதிர்வெண்) 10 ஹெர்ட்ஸ் என்றால், 5 மில்லி செகண்ட் சாம்பிளிங்கில் தாமதம் 7.5 மில்லி செகண்ட். 360 × 10 × 0.0075 = 27 டிகிரி. ஃபேஸ் மார்ஜினிலிருந்து (லூப் ஆட்டம் காண்பதற்கு முன் மிஞ்சியிருக்கும் கோணம்) 27 டிகிரி கழிகிறது. 2 மில்லி செகண்டில் கழிவது 11 டிகிரி. 10 மில்லி செகண்டில் 54. தாளில் 60 டிகிரி மார்ஜினோடு டிசைன் செய்தவருக்கு 10 மில்லி செகண்டில் மிஞ்சுவது ஆறு டிகிரி. மோட்டார் நிற்காமல் அலையும்.

மூன்று நேரங்களிலும் அதே கே.பி., அதே இன்டெக்ரல் நேரம். கெயினைத் தொடவே கூடாது. ஓவர்ஷூட் மட்டும் ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கும்போது, கன்ட்ரோல் லேப்பில் வரைந்த போட் ப்ளாட்டுக்கும் ஸ்கோப்பில் தெரியும் பல்ஸுக்கும் உள்ள உறவு பிடிபடும். இந்த வகுப்புக்கு முழு மூன்று மணி நேரமும் ஒதுக்குங்கள்; வேறு எதையும் சேர்க்காதீர்கள்.

ஆர்.டி.ஓ.எஸ். நுழைவது

பல டாஸ்க்குகளை (தனித்தனி வேலைகளை) முன்னுரிமைப்படி ஓட்டும் ரியல்-டைம் ஆபரேட்டிங் சிஸ்டம்தான் ஆர்.டி.ஓ.எஸ். நமக்கு ஃப்ரீ ஆர்.டி.ஓ.எஸ். போதும். டிக் 1000 ஹெர்ட்ஸ். எச்.ஏ.எல். நூலகத்தின் நேர அடிப்படையை சிஸ்டிக்கிலிருந்து (சி.பி.யு.வுக்குள் இருக்கும் டைமர்) டைமர் 6-க்கு மாற்றிவிடுங்கள், சிஸ்டிக்கை ஆர்.டி.ஓ.எஸ். எடுத்துக்கொள்ளும். ஆர்.டி.ஓ.எஸ். ஃபங்ஷன்களை அழைக்கும் இன்ட்டரப்ட் எதற்கும் முன்னுரிமை எண் 5 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். க்யூப் உருவாக்கும் அமைப்பில் எல்லைக்கோடு அதுதான். 0 என்றே விட்டால் நிரல் அசர்ட்டில் (தவறைக் கண்டதும் நிரலை நிறுத்தும் சோதனை) போய் நிற்கும். அசர்ட்டை அணைத்து வைத்திருந்தால் நிற்காது, எப்போதாவது காரணமே தெரியாமல் தொங்கும். அது இன்னும் மோசம். அசர்ட், ஸ்டாக் (டாஸ்க்கின் தற்காலிக நினைவகம்) ஓவர்ஃப்ளோ சோதனை இரண்டும் எப்போதும் ஆனில் இருக்கட்டும். 128 வேர்ட் ஸ்டாக் உள்ள டாஸ்க்கில் ஃப்ளோட் பிரின்ட் செய்தால் ஸ்டாக் வழிவது கிட்டத்தட்ட நிச்சயம்.

முதல் சோதனை, டிலேக்கும் டிலே-அன்டிலுக்கும் உள்ள வேறுபாடு. டிலே அழைத்த நேரத்திலிருந்து எண்ணும், டிலே-அன்டில் முந்தைய தொடக்கத்திலிருந்து எண்ணும். இதில் ஆசிரியர்களே ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கன்ட்ரோல் கணக்கு 1 மில்லி செகண்டுக்குள் முடிந்தால் இரண்டும் 5 மில்லி செகண்டே காட்டும், "என்ன சார் வித்தியாசம்?" என்று கேட்பார்கள். எனவே வேண்டுமென்றே 1.3 மில்லி செகண்ட் வெறும் லூப் ஒன்றைச் சேருங்கள். சாதா டிலே இப்போது 6 மில்லி செகண்ட் ஆகும். டிலே-அன்டில் 5-லேயே நிற்கும். வெறும் லூப்பை 0.8-க்கும் 1.2-க்கும் நடுவே மாறவிட்டால் சாதா டிலே 5, 6 என்று தாவும்.

அடிக்கடி ஓடும் டாஸ்க்குக்கே அதிக முன்னுரிமை என்ற ரேட் மோனோடானிக் விதியையும் இங்கேயே முடித்துவிடலாம். லியூ, லேலேண்ட் இருவரும் 1973-இல் கொடுத்த எல்லை மூன்று டாஸ்க்குக்கு சி.பி.யு. நேரத்தில் 78 சதவீதம். அதைத் தாண்டினாலே டெட்லைன் தவறும் என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். 5, 20, 100 என்று ஒன்றையொன்று மிச்சமின்றி வகுக்கும் நேரங்களை வைத்து 90 சதவீதம்வரை ஏற்றிக் காட்டுங்கள், எதுவும் தவறாது. எல்லைக்குள் இருந்தால் உத்தரவாதம், தாண்டினால் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முன்னுரிமை தலைகீழாகும் சோதனை

1997 ஜூலை 4-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் சில நாட்களில் தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. வானிலைத் தகவல் சேர்க்கும் கீழ்நிலை டாஸ்க் ஒரு லாக்கைப் (ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டுமே வைத்திருக்கக்கூடிய பூட்டு) பிடித்திருந்தது. அந்த லாக்குக்காக மேல்நிலை டாஸ்க் காத்திருக்க, நடுநிலையில் இருந்த தகவல்தொடர்பு டாஸ்க் இடையில் புகுந்து ஓடியது. மேல்நிலை டாஸ்க் நேரத்துக்கு முடியாததைக் கண்டு சிஸ்டம் தன்னையே ரீசெட் செய்துகொண்டது. விண்கலத்தின் ஆர்.டி.ஓ.எஸ். ஆன விஎக்ஸ்வொர்க்ஸில் அணைந்திருந்த பிரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ் (லாக்கைப் பிடித்திருக்கும் டாஸ்க்குக்கு, அதற்காகக் காத்திருக்கும் டாஸ்க்கின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுப்பது) வசதியைப் பூமியிலிருந்தே ஆன் செய்து சரி செய்தார்கள். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாமல் மேசையிலேயே நிகழ்த்திக் காட்டலாம்.

மூன்று டாஸ்க்: மேலே கன்ட்ரோல், 5 மில்லி செகண்ட், நடுவில் 30 மில்லி செகண்ட் வெறுமனே ஓடும் ஒன்று, கீழே லாகர் (தகவலைப் பதிவு செய்வது). லாகரும் கன்ட்ரோலும் ஒரே லாக்கைப் பகிர்கின்றன. லாகர் அதை 2 மில்லி செகண்ட் பிடித்திருக்கும். கன்ட்ரோல் டாஸ்க் லாக் கிடைத்த பிறகுதான் என்கோடரைப் படிக்கும். டாஸ்க்குகளைத் தற்செயலாக ஓடவிட்டால் சிக்கல் எப்போதோ ஒருமுறைதான் வரும், வகுப்பு முடிந்துவிடும். லாகர் லாக்கைப் பிடித்த கையோடு நடு டாஸ்க்கைத் தானே எழுப்பிவிடும்படி எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் தப்பாமல் நடக்கும்.

முதலில் லாக்காக பைனரி செமஃபோர். ஃப்ரீ ஆர்.டி.ஓ.எஸ்.-இல் அது காலியாகவே பிறக்கும். உருவாக்கியதும் ஒருமுறை கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள், இல்லையென்றால் எல்லா டாஸ்க்கும் நின்றுவிடும். ஸ்கோப்பில் கன்ட்ரோல் பல்ஸ்கள் ஏறக்குறைய 30 மில்லி செகண்ட் காணாமல் போகும். பிறகு ஐந்தாறு பல்ஸ் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்துக்கொண்டு வரும். அந்தக் கொத்தை மாணவர்கள் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். டைம் ஸ்கேலை விரித்துக் காட்டுங்கள். டிலே-அன்டில், தவறிய முறைகளை எல்லாம் ஈடுகட்ட உடனுக்குடன் ஓட்டுகிறது. முதல் ஓட்டத்தில் என்கோடர் 35 மில்லி செகண்ட் கவுன்ட்டைக் கொடுக்கிறது. நிரலோ அதை 5-ஆல் வகுக்கிறது. வேகம் ஆறேழு மடங்காகத் தெரிகிறது. அடுத்த ஓட்டங்களுக்கு இடையே மோட்டார் நகரவே நேரமில்லை, வேகம் பூஜ்யம். மோட்டார் வெட்டி இழுப்பது இதனால்தான். டெட்லைன் தவறிய பின் மீள்வது எப்படி என்பதும் டிசைனில் சேர வேண்டும்: 180 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சைக்கிள் கவுன்ட்டரிலிருந்து உண்மையான இடைவெளியை எடுத்து அதால் வகுக்கலாம், அல்லது தவறியவற்றை விட்டுவிட்டு இப்போதிலிருந்து தொடங்கலாம்.

பிறகு அந்த ஒரு வரியை மட்டும் மியூடெக்ஸாக மாற்றுங்கள். ஃப்ரீ ஆர்.டி.ஓ.எஸ். மியூடெக்ஸில் பிரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ் உள்ளேயே இருக்கிறது. கன்ட்ரோல் டாஸ்க்கின் காத்திருப்பு 2 மில்லி செகண்டை ஒட்டி நின்றுவிடும்.

லினக்ஸ் ஓடும் ராஸ்பெர்ரி பையில் இதையெல்லாம் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2024-இல் வந்த லினக்ஸ் 6.12-இலிருந்து, அதை ரியல்-டைமாக்கும் பிரீஎம்ப்ட்-ஆர்.டி. பிரதான கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது; தாமதத்தை அளக்கும் சைக்ளிக்டெஸ்ட் ஓட்டி சாதா கெர்னலையும் அதையும் ஒப்பிடுவது நல்ல பின்தொடர் சோதனை. தொடக்கத்துக்கு வேண்டாம். அங்கே தாமதத்துக்கான காரணங்கள் அதிகம். ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவது சிரமம்.

மதிப்பெண் போடுவது

மூன்று பேரில் ஒருவர் வயரிங், ஒருவர் நிரல், ஒருவர் ஸ்கோப். வாரா வாரம் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் நிரல் தெரிந்தவர் ஒருவரே செமஸ்டர் முழுவதும் எல்லாவற்றையும் செய்துவிடுவார்.

ஒவ்வொரு மேசைக்கும் வேறு இலக்கு வேகம், வேறு சாம்பிளிங் நேரம், கப்பிமேல் வேறு சுமை. பக்கத்து மேசை ரெக்கார்டைப் பார்த்து எழுத வழியில்லை. மோட்டார் அழகாக ஓடியதற்குக் குறைவாகவும், ஸ்கோப் படத்துக்கும் அதன் விளக்கத்துக்கும் அதிகமாகவும் மதிப்பெண் வையுங்கள். வைவாவில் வரையறை கேட்பதைவிட, நிரலில் ஒரு வரியை மாற்றிவிட்டு ஸ்கோப்பில் என்ன மாறும் என்று கேளுங்கள். சரியாகச் சொன்னவருக்கு ஓட்டிப் பார்க்கும் முன்பே மதிப்பெண் போட்டுவிடலாம்.

பாட்ச் மாறும்போது

கப்பியை மோட்டாரின் வெளித்தண்டில் பிடித்திருக்கும் கிரப் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். தளர்ந்த கப்பியில் என்கோடர் சரியாக எண்ணும், சுமை மட்டும் வழுக்கும்; பிரேக் சோதனையின் வரைபடம் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வரும். ஜம்பர் வயர்களில் பாதி உள்ளே முறிந்திருக்கும், வெளியே தெரியாது. என்கோடர் வயர்களுக்காவது ஜம்பரை விட்டுவிட்டு, பூட்டிக்கொள்ளும் கனெக்டர் போட்டுவிடுங்கள். ஒரு சேனல் வயர் போனால் கவுன்ட் ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே ஊசலாடும், வேகம் பூஜ்யமாகவே தெரியும். கன்ட்ரோலர் டியூட்டியை 100-க்கு ஏற்றிவிடும். டியூட்டி 50-ஐத் தாண்டியும் 200 மில்லி செகண்டுக்கு வேகம் பூஜ்யம் என்றால் டிரைவரை அணை என்ற சோதனையைத் தொடக்க நிரலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிரேக் சோதனையின்போது மட்டும் அதை 5 செகண்டாக நீட்டிக்கொள்ளலாம்.